திங்க்பேட் டி480: கோளாறைக் கண்டறிந்து ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்றதும் பெரும்பாலோர் கடைக்குப் போய்க் கூடுதல் ரேம் (இயங்கும் நிரல்கள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) வாங்கிவிடுகிறார்கள். அதைப் பொருத்திய பிறகும் வேகம் கூடவில்லை என்றால், இயந்திரமே பழுதாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில், இப்படி ரேம் வாங்கியவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம். வேறு சிலருக்குத் தேவைப்பட்டதோ காற்றாடியில் அடைந்த தூசியை நீக்குவது மட்டுமே. 2025ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ரேம் விலை வெகுவாக ஏறியிருக்கும் நிலையில், எந்த உறுப்பு தடையாக இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் பணத்தைச் செலவிடுவது வீண். ஆகவே இந்த வழிகாட்டியில் முதலில் கண்டறிவதற்கும், அதன் பிறகே மாற்றுவதற்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக லெனோவோவின் திங்க்பேட் டி480 மாடலை எடுத்துக்கொள்கிறேன். 2018இன் தொடக்கத்தில் அறிமுகமான இந்த 14 அங்குல மடிக்கணினி, நிறுவனங்களில் பயன்படுத்தப்பட்டு வெளியே வந்தபின், சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் இரண்டாம் கை விற்பனைக்கு வருகிறது. ரேமுக்கு இரண்டு ஸ்லாட்டுகள், கழற்றக்கூடிய பின்பக்க பேட்டரி, திருகுகளைத் தளர்த்தினாலே கழன்றுவிடும் அடிப்பகுதி என்று, நம் கையாலேயே பழுதுபார்க்கத் தோதாக அமைந்த இயந்திரம் இது. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி (புராசஸர்) கொண்ட டி480 விண்டோஸ் 11க்கான தகுதியையும் பெற்றிருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் இது சிறிய செய்தி அல்ல. இதே வரிசையில் ஓராண்டு முன்னதாக வந்த டி470இல் இருப்பவை ஏழாம், ஆறாம் தலைமுறைச் செயலிகள் என்பதால் அதற்கு அந்தத் தகுதி இல்லை.

உங்களிடம் இருப்பது வேறு மாடலாக இருந்தாலும், கண்டறியும் முறை பெரும்பாலும் இதேதான். திறக்கும் விதமும் ரேமின் வகையும் மட்டும் மாறும்.

முதலில் மாடலை உறுதிசெய்யுங்கள்

டி480 என்பதும் டி480எஸ் என்பதும் ஒன்றல்ல. டி480எஸ்ஸில் ரேமின் ஒரு பகுதி கழற்ற முடியாதபடி மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். கூடுதலாகப் பொருத்த ஒரே ஒரு ஸ்லாட் மட்டும் உண்டு. அதே ஆண்டில் வந்த எக்ஸ்280இலும், எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறையிலும் ரேம் முழுவதுமே சால்டர் செய்யப்பட்டது என்பதால், அவற்றில் பின்னாளில் ரேம் சேர்க்கவே முடியாது. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதாலும் தோற்றம் ஒத்திருப்பதாலும் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. அடிப்பகுதியில் ஒட்டப்பட்டிருக்கும் லேபிளில் மாடல் பெயரும், அதன் நான்கு எழுத்து வகைக் குறியும் அச்சிடப்பட்டிருக்கும்; அவற்றைப் பார்த்து உறுதிசெய்த பிறகே மேற்கொண்டு எதையும் வாங்க வேண்டும்.

இரண்டாம் கையாக வாங்குபவர்கள் கடையிலேயே ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். இயந்திரத்தைத் தொடங்கும்போது எஃப்1 விசையை அழுத்தி பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புகளின் திரைக்குள், செல்லுங்கள். அங்கே கடவுச்சொல் கேட்டால், முந்தைய நிறுவனம் வைத்த சூப்பர்வைசர் கடவுச்சொல் இன்னும் நீக்கப்படவில்லை என்று பொருள். அதை எளிதில் நீக்க வழியில்லை. பயாஸ் அமைப்புகளை மாற்ற முடியாத இயந்திரத்தில் பின்வரும் படிகளில் சிலவற்றைச் செய்ய இயலாது என்பதால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது.

திறப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

கண்டறிதலின் முதல் படி இயந்திரத்தை ரீஸ்டார்ட் செய்வது. ஷட் டவுன் செய்து மீண்டும் போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் மையப் பகுதி முழுவதுமாக மூடப்படாமல் டிஸ்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படும். ரீஸ்டார்ட் மட்டுமே அதை முழுமையாகப் புதுப்பிக்கும். பல வாரங்களாக ரீஸ்டார்ட் காணாத இயந்திரங்கள் இந்த ஒரு செயலாலேயே சரியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ரீஸ்டார்ட் செய்தபின் பத்து நிமிடங்கள் பொறுத்திருங்கள். தொடக்கத்தில் நடக்கும் பின்னணி வேலைகள் அதற்குள் ஓரளவு அடங்கிவிடும். பிறகு நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையை வழக்கமான அளவில் தொடங்குங்கள். பிரவுசரில் எப்போதும் இருபது டேப் திறப்பவர் என்றால் இருபதையும் திறக்க வேண்டும். இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதன் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குச் செல்லுங்கள்.

அங்கே மெமரி பகுதியில் பயன்பாடு 60 அல்லது 70 சதவீதமாக இருந்தால் அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. சும்மா கிடக்கும் ரேமை விண்டோஸ் கோப்புகளின் நகலைத் தற்காலிகமாக வைத்திருக்கப் பயன்படுத்திக்கொள்ளும். தேவைப்படும்போது உடனே விட்டுக்கொடுக்கும். கவனிக்க வேண்டியது மூன்று அடையாளங்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றனவா என்பதைத்தான்: மெமரி பயன்பாடு 90 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது, அதே நேரத்தில் டிஸ்க்கும் ஓயாமல் இயங்குகிறது, ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் திரை சில விநாடிகள் உறைகிறது. இடம் போதாமல் ரேமில் உள்ளவற்றை டிஸ்குக்கும், டிஸ்கில் உள்ளவற்றை ரேமுக்குமாக விண்டோஸ் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பக்கத்தில் ஹார்ட் ஃபால்ட்ஸ் (தேவையானது ரேமில் இல்லாமல் டிஸ்கிலிருந்து எடுக்க நேர்ந்த தடவைகள்) என்ற எண்ணிக்கை விநாடிக்கு நூற்றுக்கணக்கில் நிலைத்து நின்றால் ஐயமே இல்லை. உங்களுக்குத் தேவை ரேம்.

மெமரி பாதி அளவே நிரம்பியிருந்தும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், குற்றவாளி ரேம் அல்ல. டி480 ஹார்டு டிஸ்குடனும் விற்கப்பட்டது. ஹார்டு டிஸ்க் பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்பி அளவுக்கு வேகம் காட்டும். ஆனால் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு சிறு கோப்புகளைத் தேடிப் படிக்கும்போது அந்த வேகம் 1 எம்பி அளவுக்குச் சரிந்துவிடும், ஏனெனில் அதன் ஊசிமுனை ஒவ்வொரு முறையும் இடம் மாறிச் சென்று, சுழலும் தட்டு உரிய இடத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போது படிப்பவை பெரும்பாலும் அத்தகைய சிறு கோப்புகளே. அத்தகைய இயந்திரத்தில் 32 ஜிபி ரேம் பொருத்தினாலும் தொடங்குவதற்கு அதே நேரம்தான் ஆகும்.

மூன்றாவது சாத்தியம் சூடு. செயலியின் பக்கத்தில் வேகம் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று காட்டப்படும். வேலை அதிகமாக இருக்கும்போது அது உயர்வதற்கு மாறாக, 0.8 அல்லது அதற்கும் கீழே இறங்கி அங்கேயே நின்றால், செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது; அல்லது பொருத்தமற்ற சார்ஜரால் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை. டி480இல் பரவலாக உள்ள ஐ5-8250யு செயலியின் வெப்ப வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச நிரலைக் கொண்டு வெப்பநிலையைப் பார்க்கலாம். சாதாரண வேலையிலேயே அது 95ஐத் தொடுகிறது என்றால் முதலில் தூசியைப் போக்க வேண்டும்.

இந்தச் சோதனையின் முடிவுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்துக்குப் பிறகு இதே வேலையைச் செய்து ஒப்பிடும்போதுதான் செலவிட்ட பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்பது தெரியும்.

எந்த ரேமை வாங்குவது

டி480க்கு வேண்டியது 260 பின்கள் கொண்ட, 1.2 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்4 எஸ்ஓ-டிம் வகை. மேசைக் கணினிக்கான நீளமான ரேம் இதில் நுழையாது. பழைய மடிக்கணினிகளில் இருந்த 204 பின் டிடிஆர்3எல் ரேமும், புதியவற்றில் உள்ள 262 பின் டிடிஆர்5 ரேமும் ஏறக்குறைய இதே அளவில் இருந்தாலும், அவற்றின் விளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் அமைந்திருக்கும். ஸ்லாட்டில் ரேம் சுலபமாக இறங்க மறுத்தால் அழுத்தத்தைக் கூட்டாமல், வகை சரிதானா என்று பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

இந்த இயந்திரம் விநாடிக்கு 2400 மெகாடிரான்ஸ்ஃபர் வேகத்தில் ரேமை இயக்கும். கடையில் இப்போது எளிதாகக் கிடைப்பது 3200 வேக ரேம். அதை வாங்கிப் பொருத்தினாலும் அது தானாகவே 2400க்கு இறங்கி இயங்கும், கெடுதல் ஏதுமில்லை. ஆனால் வேகத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பயனும் இல்லை. பழைய ரேமின் லேபிளில் பிசி4-2400 என்றோ பிசி4-19200 என்றோ எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன: பின்னது, ஒரு விநாடிக்கு 19,200 எம்பி கடத்தும் திறன் என்ற கணக்கு.

அந்தக் கணக்கிலிருந்தே இன்னொரு முக்கியமான செய்தியும் கிடைக்கிறது. ஒரே ஒரு ரேம் இருந்தால் செயலிக்குக் கிடைக்கும் அதிகபட்சத் திறன் விநாடிக்கு 19.2 ஜிபி, சம அளவுள்ள இரண்டு ரேம்களைப் பொருத்தினால் செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான இரண்டு வழிகளும் திறந்து 38.4 ஜிபி ஆகிறது. தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத டி480களில் திரைக்கான வேலையைச் செய்யும், செயலிக்குள்ளேயே அமைந்த யுஎச்டி 620 கிராஃபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் இதே ரேமைத்தான் கடன் வாங்கிக்கொள்கிறது. ஆகவே 16 ஜிபி வேண்டும் என்று தீர்மானித்தால், ஒரு 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி சிறந்தது. ஏற்கெனவே ஒரு 8 ஜிபி இருந்து, அதனோடு 16 ஜிபி ஒன்றைச் சேர்த்தாலும் வேலை செய்யும். அப்போது 8உம் 8உமாகச் சேர்ந்த 16 ஜிபி இரட்டை வழியிலும், மீதமுள்ள 8 ஜிபி ஒற்றை வழியிலும் இயங்கும். இரண்டும் ஒரே நிறுவனத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

லெனோவோ குறிப்பிடும் உச்ச அளவு 32 ஜிபி. இந்தச் செயலிகளுக்கு இன்டெல் சொல்லும் வரம்பும் அதுவே. என் கருத்தில் அலுவலக வேலைக்கும் படிப்புக்கும் 16 ஜிபி தாராளம். காணொளித் தொகுப்பு செய்பவர்களும் மெய்நிகர் கணினிகளை இயக்குபவர்களும் மட்டுமே 32 ஜிபியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

திறப்பதற்கான ஆயத்தம்

முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுப்பது. இரண்டாவது, டிஸ்கில் உள்ளவற்றைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்ப்பது. இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொண்டு, வேலை முடியும்வரை அதைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். பயாஸில் செய்யும் சில மாற்றங்களைக் கண்டு சந்தேகப்பட்டு பிட்லாக்கர் அந்தக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அது இல்லாதவருக்கு அந்த டிஸ்கில் உள்ளவை என்றென்றைக்கும் கிடைக்காமல் போகும்.

டி480இல் இரண்டு பேட்டரிகள் உள்ளன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின்பக்கத்தில் கழற்றக்கூடியது ஒன்று. உடலுக்குள்ளேயே 24 வாட்-மணி அளவில் இன்னொன்று. பின்பக்க பேட்டரியைக் கழற்றிவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று எண்ணி ரேமைப் பிடுங்குவது மதர்போர்டையே பாழாக்கக்கூடிய தவறு. ஆகவே எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் சென்று, கான்ஃபிக் பகுதியில் பவர் என்பதைத் திறந்து, உள் பேட்டரியை முடக்கும் டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி என்ற தெரிவைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கியிருக்க வேண்டும். உறுதிசெய்ததும் இயந்திரம் தானே அணைந்துவிடும். சூடு ஆற ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்க பேட்டரியின் இரு தாழ்களையும் தள்ளி அதைக் கழற்றுங்கள்.

இப்படி முடக்கிய உள் பேட்டரி, சார்ஜரை மீண்டும் இணைக்கும்போதுதான் விழித்தெழும். இதை நினைவில் நிறுத்துங்கள். வேலையெல்லாம் முடித்தபின், சார்ஜர் இணைக்காமல் பவர் பொத்தானை அழுத்திப் பார்த்து, எதுவும் நடக்கவில்லையே என்று கலங்குபவர்கள் உண்டு.

அடிப்பகுதியின் திருகுகளைச் சிறிய ஃபிலிப்ஸ் திருப்புளியால் தளர்த்தினால் போதும். அவை அட்டையிலிருந்து முழுவதுமாகக் கழன்று வராதபடி வடிவமைக்கப்பட்டவை என்பதால், வெளியே எடுக்க முயல வேண்டாம். பழைய ஏடிஎம் அட்டை போன்ற ஒன்றை ஓரத்து இடுக்கில் செருகி, சுற்றிலும் மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபடும். உலோகத் திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினால் கொக்கிகள் உடைந்துவிடும்.

உறுப்புகளைத் தொடும் முன், பெயின்ட் பூசப்படாத உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டு உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்னை இறக்கிவிடுங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் நிலைமின் அவ்வளவாகச் சேராது. ஆனால் ஏசி அறையில் காற்று உலர்ந்து இருப்பதால், அங்கே வேலை செய்பவர்கள் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

ரேமைப் பொருத்துதல்

அட்டையைத் திறந்ததுமே இரண்டு ரேம் ஸ்லாட்டுகளும் கைக்கு எட்டும். எதையும் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரேமின் இருபுறமும் உள்ள உலோகப் பிடிகளை ஒரே நேரத்தில் வெளிப்புறமாக விலக்கினால் ரேம் தானாகவே சாய்வாக எழும்பி நிற்கும். அதன் இரு ஓரங்களையும் பிடித்து, எழும்பி நிற்கும் அதே சாய்வில் வெளியே இழுக்க வேண்டும். பொன்னிறத் தொடுமுனைகளில் விரல் படக் கூடாது.

புதியதைச் செருகும்போது வெட்டு இருக்கும் இடத்தை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளுங்கள். இங்கேதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. பொன்னிற முனைகள் அநேகமாக முழுவதுமே ஸ்லாட்டுக்குள் மறையும்வரை தள்ளிய பின்னரே ரேமைக் கீழே அழுத்த வேண்டும். பாதி நுழைந்த நிலையில் அழுத்தினாலும் சில சமயம் பிடிகள் மாட்டிக்கொள்ளும். பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். திரை மட்டும் வராது. இரண்டு பிடிகளும் சொடுக்கொலியோடு மாட்டினவா என்று பக்கவாட்டிலிருந்து குனிந்து பாருங்கள்.

பழைய ரேமின் முனைகள் மங்கியிருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கடைகளில் வழக்கம். அது வேலை செய்யக்கூடியதுதான் என்றாலும், பொன் முலாம் மிக மெல்லியது. தேய்க்கத் தேய்க்கக் குறையும். ரப்பர் துகள்கள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதிய கோளாறு தொடங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த, நூல் பிரியாத துணியால் ஒருமுறை துடைத்து உலர விடுவதே பாதுகாப்பானது.

திரை வரவில்லை என்றால்

அட்டையை முழுவதுமாக மூடாமல் மேலே பொருத்தி மட்டும் வைத்துவிட்டு, பேட்டரியை மாட்டி, சார்ஜரை இணைத்துத் தொடங்கிப் பாருங்கள். புதிய ரேமைக் கண்டதும் பயாஸ் அதைப் பழக்கிக்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். திரை ஒரு நிமிடம் வரைகூட இருட்டாகவே இருக்கலாம். அவசரப்பட்டு அணைக்க வேண்டாம்.

இரண்டு மூன்று நிமிடங்களுக்குப் பிறகும் திரை வராவிட்டாலோ பீப் ஒலி வந்தாலோ, சார்ஜரைப் பிடுங்கி, பின்பக்க பேட்டரியைக் கழற்றி, உள் பேட்டரியின் இணைப்பையும் மதர்போர்டிலிருந்து விடுவித்துவிட்டு, ரேமைக் கழற்றி மீண்டும் அழுத்தமாகப் பொருத்துங்கள். அப்போதும் வராவிட்டால் ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்துச் சோதிக்க வேண்டும். பழைய ரேமை முதல் ஸ்லாட்டில், பிறகு இரண்டாவது ஸ்லாட்டில். புதிய ரேமை முதல் ஸ்லாட்டில், பிறகு இரண்டாவது ஸ்லாட்டில் என்று மொத்தம் நான்கு முறை. புதியது இரண்டு ஸ்லாட்டிலும் தோற்று, பழையது இரண்டிலும் வென்றால் புதிய ரேமே பழுது. கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். எந்த ரேமை வைத்தாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட் மட்டும் தோற்றால் பழுது ஸ்லாட்டில் இருக்கிறது. தனித்தனியே நான்கு முறையும் வென்று, சேர்த்து வைக்கும்போது மட்டும் தோற்றால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். பயாஸைப் புதுப்பித்துப் பார்க்கலாம்.

நான்கு முறையும் தோற்றால், அடிப்பகுதியில் உள்ள அவசர ரீசெட் துளையைப் பயன்படுத்துங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, நிமிர்த்திய காகித கிளிப்பின் நுனியை அத்துளையில் விட்டு மெல்ல அழுத்தி, சில விநாடிகள் கழித்து எடுத்துவிட்டு, சார்ஜரை இணைத்துத் தொடங்க வேண்டும். உள் பேட்டரியின் தொடர்பைக் கணநேரம் துண்டித்து மதர்போர்டை விடுவிப்பதற்காகவே அந்தத் துளை வைக்கப்பட்டிருக்கிறது. செத்துவிட்டதாகத் தோன்றும் டி480 இதனாலேயே எழுந்துவிடுவதுண்டு.

தொடங்கியது என்பதாலேயே நல்ல ரேம் ஆகிவிடாது

இந்தப் படியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஒருமுறை நான் பொருத்திய 16 ஜிபி ரேம் முதல் வாரம் முழுவதும் எந்தக் குறையுமின்றி ஓடியது. இரண்டாவது வாரத்தில் பிரவுசர் டேப்கள் காரணமின்றி மூடிக்கொண்டன. பிறகு நீலத் திரை. பிறகு நகலெடுத்த ஒரு புகைப்படத் தொகுப்பில் சில படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக மாறியிருந்தன. ரேமில் ஒரு சிறு பகுதி பழுது. அந்தப் பகுதி வழியாகச் சென்ற கோப்புகள் சிதைந்தன. வாங்கிய அன்றே சோதித்திருந்தால் அந்தப் படங்கள் தப்பித்திருக்கும்.

சோதிக்க மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரல் போதும். அதை யூஎஸ்பி டிரைவில் எழுதி, தொடக்கத்தில் எஃப்12 அழுத்தி அந்த டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அது தொடங்க மறுத்தால் பயாஸில், அங்கீகரிக்கப்படாத நிரல்கள் தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். பிட்லாக்கர் பற்றி மேலே சொன்னது இங்கேதான் பொருந்தும். 16 ஜிபிக்கு ஒரு சுற்று முடியவே கணிசமான நேரம் ஆகும் என்பதால், இரவு தொடங்கிவிட்டுக் காலையில் பார்ப்பது வசதி. குறைந்தது நான்கு சுற்றுகள் முடிந்தும் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை ஏற்கக் கூடாது. பிழை வந்தால் ரேம்களைத் தனித்தனியே சோதித்து எது பழுது என்று பிரித்தறியுங்கள். விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் விரைவான முதற்சோதனைக்கு உதவும். அது பிழை இல்லை என்று சொல்வதை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

சோதனையில் தேறியபின் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் மொத்த அளவு, வேகம் 2400, இரண்டு ஸ்லாட்டுகளும் பயன்பாட்டில் உள்ளன என்ற மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு

ஹார்டு டிஸ்க் உள்ள டி480க்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை. 7 மிமீ தடிமன் கொண்ட 2.5 அங்குல சாட்டா (பழைய வகை இணைப்பு) எஸ்எஸ்டி அதே இடத்தில் நேரடியாகப் பொருந்தும்; விநாடிக்கு 550 எம்பி வரை படிக்கும். மாறாக, 22 மிமீ அகலமும் 80 மிமீ நீளமும் கொண்ட, வேகமான புதிய வகையான எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டியைப் பொருத்த விரும்பினால், டி470, டி480 மாடல்களுக்கான தனி பிராக்கெட் தேவை. இந்த இடத்துக்கு பிசிஐஇ 3.0 என்ற தரவு இணைப்பின் இரண்டு வழிகள் மட்டுமே தரப்பட்டிருப்பதால், விநாடிக்கு ஏறத்தாழ 2 ஜிபி என்பதே கோட்பாட்டளவில்கூட உச்சம். 7 ஜிபி வேகம் என்று விளம்பரப்படுத்தப்படும் விலையுயர்ந்த எஸ்எஸ்டியை இதில் போடுவது வீண். எளிய வகையே போதும். அன்றாட வேலையில் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் உள்ள வேறுபாடு, ஹார்டு டிஸ்குக்கும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் உள்ள வேறுபாட்டோடு ஒப்பிட்டால் மிகவும் சிறியது.

பழைய டிஸ்கை எடுக்கும் முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், முழு டிஸ்கையும் அப்படியே நகலாக்க (குளோன் செய்ய) முயல்வதைவிட முக்கியமான கோப்புகளை மட்டும் உடனடியாக நகலெடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே மேல். தரவு கடத்தலில் நேரும் பிழைகளைக் குறிக்கும் சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்கில் குறை இருக்காது; அதை மதர்போர்டோடு இணைக்கும் மெல்லிய பட்டைக் கேபிளில் குறை இருக்கும். அந்தக் கேபிள் எளிதில் கிழியக்கூடியது. டிஸ்கை வெளியே எடுக்கும்போது கேபிளைப் பிடித்து இழுக்காமல் அதன் இணைப்பியைப் பிடித்துக் கழற்ற வேண்டும்.

சூடு, பேட்டரி, யூஎஸ்பி-சி

திறந்தது திறந்ததாகவே காற்றாடியையும் சுத்தம் செய்துவிடலாம். இறகுகளை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, காற்றை வெளியேற்றும் துடுப்புகளின் பக்கமிருந்து உள்நோக்கி ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் காற்றாடி அளவுக்கு மீறிச் சுழன்று பழுதாகலாம். பல ஆண்டுகள் ஓடிய இயந்திரத்தில், செயலியின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் உலர்ந்து பொடியாகியிருக்கும். சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பகுதியான ஹீட் சிங்கின் திருகுகளை அதில் குறித்துள்ள எண் வரிசைப்படி கழற்றி, பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சிப்பின் மேல் மெல்லிய படலமாகப் பரவும் அளவுக்கு மட்டும் புதியதை வைக்க வேண்டும். அதிகம் வைத்தால் குளிர்ச்சி கூடாது; ஓரத்தில் வழியத்தான் செய்யும்.

உள் பேட்டரி சற்றேனும் உப்பியிருந்தால், அதாவது அடிப்பகுதி அட்டை சரியாக மூட மறுத்தாலோ கை வைக்கும் பகுதி மேலெழுந்திருந்தாலோ, வேறு எந்த வேலையையும் தொடங்காமல் முதலில் அதை மாற்றிவிடுங்கள். அதைக் குத்தவோ அழுத்தித் தட்டையாக்கவோ ஒருபோதும் முயலக் கூடாது, தீப்பற்றும். பின்பக்க பேட்டரி 24, 48, 72 வாட்-மணி ஆகிய மூன்று அளவுகளில் வந்தது. மடிக்கணினியை எப்போதும் மின்இணைப்பிலேயே வைத்திருப்பவர்கள் லெனோவோ வான்டேஜ் நிரலில் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்குமாறு அமைத்தால் பேட்டரி நெடுநாள் உழைக்கும்.

கடைசியாக, டி480 வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டியது தண்டர்போல்ட் ஃபர்ம்வேர், அதாவது யூஎஸ்பி-சி இணைப்பை இயக்கும் தண்டர்போல்ட் சிப்புக்குள் இருக்கும் மென்பொருள். இந்த இயந்திரம் யூஎஸ்பி-சி வழியாக மட்டுமே சார்ஜ் ஆகிறது. 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட் மாடல்களில் தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேர் குறையால் யூஎஸ்பி-சி இணைப்பு செயலிழக்கக்கூடும் என்று லெனோவோவே அறிவித்து, அவசரப் புதுப்பிப்பை வெளியிட்டது. குறை தலைகாட்டும் முன் புதுப்பித்துவிட்டால் செலவின்றி முடிந்துவிடும். சிப் கெட்டபின் மதர்போர்டில் கைவைக்க வேண்டிவரும். இரண்டாம் கையாக வந்த இயந்திரத்தில் முந்தைய உரிமையாளர் அதைச் செய்திருப்பார் என்று நம்பியிருக்காமல், லெனோவோவின் ஆதரவுப் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான புதுப்பிப்பை எடுத்து, சார்ஜரை இணைத்த நிலையில், இடையில் அணைக்காமல் நிறுவுங்கள்.

அதன்பின் அடிப்பகுதியை அழுத்தி மூடித் திருகுகளை முடுக்கி, பிட்லாக்கரை மீண்டும் இயக்கி, கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று பாருங்கள். அணைத்துப் போடும்போதெல்லாம் நேரம் பின்னுக்குப் போனால், மதர்போர்டில் ஒயருடன் இணைந்திருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. கழற்றிய பழைய ரேமை நிலைமின் புகாத உறையில் போட்டு, நீங்கள் எழுதி வைத்த தாளோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை திரை வராமல் போகும் நாளில், ஸ்லாட்டா ரேமா என்று பிரித்தறிய அந்த ஒரு பழைய ரேம் கையில் இருக்க வேண்டும்.